அம்பத்தூருக்கு அழுக்கு வாங்கப் போனேன்

எங்கள் குடும்பத்தில் காசிக்குப் போனவர்கள் உண்டு, சிங்கப்பூர் போனவர்கள் உண்டு, மாமனாரோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்கு ஓடிப்போன சித்தப்பா ஒருவரும் உண்டு. அழுக்கு வாங்கி வருவதற்காக விமானம் ஏறியவன் நான் ஒருவன்தான். அதுவும் நம் வீட்டு அழுக்கு இல்லை. அம்பத்தூர்ப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள் துணி துவைத்த அழுக்கு.

நான் வேலை பார்ப்பது வட ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டின் நாடாளுமன்றத்தில். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வேலை போய்விடும். அங்கே நான் உறுப்பினரும் இல்லை, பெரிய அதிகாரியும் இல்லை. தண்ணீர் விவகாரங்களைப் பார்க்கும் ஒரு குழுவின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். பிறந்தது கும்பகோணம். சென்னையில் எனக்குத் தெரிந்தது விமான நிலையமும் எழும்பூர் ஸ்டேஷனும்தான். நல்ல காப்பி கிடைக்காத குளிர் தேசத்தில் வெகுகாலமாக இருப்பதால் எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். நாம் உடுத்தும் பாலியெஸ்டர் சட்டை, நைட்டி, லெக்கிங்ஸ் எல்லாம் அடிப்படையில் பிளாஸ்டிக். ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் அதிலிருந்து உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன. சாக்கடைக்குப் போய், ஆற்றுக்குப் போய், கடலுக்குப் போய், மீனுக்குள் போய், குழம்பு வழியாக நம்மிடமே திரும்பி வருகின்றன. இதைத் தடுக்க, இனி விற்கும் வாஷிங் மெஷின் ஒவ்வொன்றிலும் இழை பிடிக்கிற ஃபில்டர் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று எங்கள் நாட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன.

எல்லோரும் ஆதரித்தால் சட்டம் சட்டென்று நிறைவேறிவிடும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்த ஆள்தான். எதிர்ப்பு உள்ள சட்டத்துக்கு ஒரு நாள் கத்தல், ஒரு ஓட்டெடுப்பு, கதை முடிந்தது. எல்லோருக்கும் பிடித்த சட்டம்தான் குழுவில் கிடந்து நாறும். ஆளுக்கொரு திருத்தம் கொடுப்பார்கள். ஒருவர் 'ஃபில்டர்' என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்பார், இன்னொருவர் 'வீடு' என்றால் படகு வீடும் சேர்த்தியா என்பார். மீன்பிடிச் சட்டத்தில் எனக்கு ஒரு வரி விட்டுக்கொடு, இதில் உனக்கு ஒரு வரி விட்டுக்கொடுக்கிறேன் என்று காப்பி இடைவேளையில் பேரம் நடக்கும். அந்தக் காப்பியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

கடைசியில் ஃபில்டரைக் கட்டாயமாக்கும் ஏழாவது பிரிவில் வந்து வண்டி நின்றது. வாஷிங் மெஷின் கம்பெனிகளுக்கு வேண்டப்பட்ட உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அவர் எழுந்து, "ஆய்வுக்கூடத்தில் பிடிக்கும், சரி. சாதாரண வீட்டில் பிடிக்குமா? பிடித்ததை யாராவது பார்த்தீர்களா?" என்றார். யாரும் பார்க்கவில்லை. அங்கே நாலு வீட்டில் மாட்டிப் பார்க்க ஒப்புதல் வாங்குவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். அப்போதுதான், மாதிரி ஃபில்டர்களைச் செய்து கொடுத்த அம்பத்தூர்ப் பட்டறைக்காரப் பெண்மணி, தானாகவே அக்கம்பக்கத்து ஃபிளாட்டுகளில் சிலவற்றை மாட்டி மூன்று மாதமாக ஓடவிட்டிருக்கிறார் என்ற சேதி வந்தது.

"நீ தமிழ்தானே? போய் அந்த அழுக்கை எடுத்துக்கொண்டு வா" என்றார் குழுத் தலைவி யோஹன்னா. "அடுத்த வாரம் ஓட்டெடுப்பு. அழுக்கு வராவிட்டால் ஏழாவது பிரிவை எடுத்துவிடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினேன். பட்டறைக்கார அம்மாளின் தம்பி மணி, ஆட்டோவோடு வந்திருந்தான். ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா சார், நெசமாவே கலீஜ பாக்கவா அங்கேர்ந்து வந்துகீற?"

"ஆமாம்."

"சொல்லிருந்தா நான் வாட்ஸ்அப்ல போட்டோ அனுச்சிருப்பேனே. இதுக்கு எதுக்கு பிளேனு?"

எங்கள் குழுவில் ஒரு வருஷமாக யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. அம்பத்தூரில் எனக்கு அறை. மணி சாப்பாடு வாங்கி வந்தான். பரோட்டா ஒரு பிளாஸ்டிக் கவரில், கொதிக்கக் கொதிக்கச் சால்னா இன்னொரு கவரில், வெங்காயம் குட்டிக் கவரில், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஒரு பெரிய கவர், குடிக்கப் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். தண்ணீரில் பிளாஸ்டிக் கலப்பதை ஆராய வந்த மனிதனுக்குச் செய்யும் மரியாதை. சால்னா பிரமாதமாக இருந்தது. கவரைக் கிழித்து, மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மண்ணூர்பேட்டை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய சந்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரே ஒரு பெரிய இயந்திரம். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் தள்ளி, 'டொம்' என்று திறந்து ஒரு டப்பாவைத் துப்பும். மறுபடி மூடும், மறுபடி 'டொம்'. சுற்றி ஆறு பெண்கள் டப்பாக்களுக்குள் மெல்லிய வலையைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று எல்லோரையும் ஒரே நேரத்தில் திட்டிக்கொண்டிருந்தவர் தேவகி. நாற்பத்தைந்து வயதிருக்கும். 'டொம்' சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது.

"வா சார், குந்து. ஜூஸ் வாங்கியாரச் சொல்லட்டா?"

ஃபில்டரை என் கையில் வைத்தார். சொம்பு அளவு டப்பா, மேலே திருகு மூடி. "ஒரே திருகு, தொறந்துக்கும். கொயந்த கூட தொறக்கும். இந்தத் திருகுக்கு எட்டு தபா அச்ச மாத்திகிறேன்" என்று திருகித் திருகிக் காட்டினார். எனக்கும் அது பிடித்துப்போய், பேசும்போதெல்லாம் நானும் திருகிக்கொண்டே இருந்தேன்.

இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் வயலாமே, உங்கள் வீட்டார் அதில் வேலை செய்தவர்களா என்று, கட்டுரைக்கு உதவும் என்ற நப்பாசையில் கேட்டு வைத்தேன். "செஞ்சாங்க. சேறு, அட்ட, மேஸ்திரி ஏச்சு. போனது போவட்டும் சார். இப்ப கரண்டு கீது, ஃபேன் கீது" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு அவரே தொடர்ந்தார். "முன்ன வாட்டர் கேன் மூடி அடிச்சிகினு இருந்தேன். அந்த ஆர்டர் நின்னுபோச்சு. இப்ப இது ஒண்ணுதான். ஒங்க ஊர்ல சட்டம் பாஸாச்சுன்னா இந்த டப்பா கப்பல் கப்பலா போவும்னு ஆர்டர் குட்த்த கம்பெனிக்காரன் சொல்லிகிறான். ஆவலன்னா, இந்த மாசத்தோட ஷெட்ட காலி பண்ணிட்டு நானும் இந்தப் பொண்ணுங்களும் கம்பெனி வேலைக்குப் போவ வேண்டியதுதான். நான் இருந்துகிறேன் சார் அங்கல்லாம். சாயங்காலம் வெளிய வரும்போது கேட்டுல செக்யூரிட்டி கேரியர தொறந்து காட்டுன்னுவான். திருடிட்டுப் போறோமாம். சோறு துன்ன பாத்திரத்த தெனம் தொறந்து காட்டணும். மறுபடியும் அங்க போயி நிக்க மாட்டேன் சார், சொல்லிட்டேன்."

என்னிடம் ஏன் சொல்கிறார், நான் என்ன சட்டமா என்று எரிச்சல் வந்தது. ஆனால் அங்கிருந்து வந்திருப்பவன் நான்தானே, வேறு யாரிடம் சொல்வார்.

மதியம் தன் கேரியரைப் பிரித்து எனக்கும் போட்டார். மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர், கல்யாணச் சீராக வந்தது. மூடியில் 'தேவகி' என்று புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. சாதம், புளிக்குழம்பு, வறுத்த மீன். மீனுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு வருஷமாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறவன், வெட்கமில்லாமல் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, ஃபில்டர் மாட்டிய ஃபிளாட்டைப் பார்க்க நூம்பல். விடிந்ததும் ஒரு மழை. மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளம் எது, ரோடு எது என்று தெரியாத இடத்தில் ஆட்டோ மூச்சை நிறுத்தியது. மணி தள்ளினான், தேவகி தள்ளினார், நான் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளினேன். பைக்கில் போன ஒருவர் நின்று, "நைனா, வண்டில போறதுக்கு துட்டா, தள்ளுறதுக்கு துட்டா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். எங்கள் நாட்டில் மழை பெய்தால் ரயில் தாமதமாகும், அதற்கு மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே மன்னிப்பு இல்லை, ஆனால் தள்ள ஆள் இருக்கிறது.

ஃபிளாட்டின் வாசலில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பாலகிருஷ்ணன் காத்திருந்தார். விருதுநகர்க்காரர், சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. கோலம் போட்டு, என்னை நிற்கவைத்துப் பொன்னாடை போர்த்தினார். தொட்டுப் பார்த்தேன், பாலியெஸ்டர். சொட்டச் சொட்ட நனைந்திருந்த எனக்கு அது கொஞ்சம் உதவவும் செய்தது.

இந்த ஒரே கட்டடத்தில் பத்து வீடுகளில் தேவகி ஃபில்டர் மாட்டியிருந்தார். கடைசி ஒரு மாதம் யாரும் கை வைக்க வேண்டாம், அழுக்கு அப்படியே இருக்கட்டும், அதை எடுத்துப்போக ஆள் வருவார் என்று வீடு வீடாக ஏறிச் சொல்லிவைத்திருந்தார்.

முதல் வீட்டில், கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் ஃபில்டரை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. மூடியில் குங்குமப் பொட்டு.

"யக்கா, உள்ள இருந்த கலீஜு எங்க?" என்றார் தேவகி.

"அதெல்லாம் நேத்தே சிங்க்ல போட்டு நல்லாத் தேச்சுக் கழுவிட்டனுங்க. ஒரு துளி அழுக்கு கிடையாதுங்க, பாருங்க" என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வலைக்கு அந்தப் பக்கம் ஜன்னல் தெளிவாகத் தெரிந்தது. காப்பி கொடுத்தார்கள், நல்ல காப்பி. அதைக்கூட ரசிக்க முடியவில்லை.

இரண்டாவது வீட்டில் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் பிளீச்சிங் பவுடர். நான்காவது வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாரால் அழுத்தித் தேய்த்ததில் வலையே கொஞ்சம் கிழிந்துவிட்டது என்று வருத்தப்பட்டு, சோப்பு வாசனை போக வேண்டும் என்று ஃபில்டரை ஃபேனுக்குக் கீழே காயவைத்திருந்தார். ஐந்தாவது வீட்டில் ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். பத்து வீடும் அப்படித்தான். ஒரு மாதமாகப் பிடித்து வைத்திருந்த இழைகள் அத்தனையும் ஒரே நாளில் பத்து சிங்க் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டன.

"எப்படி சார் எல்லோரும் ஒரே நாளில்?" என்று செயலாளரைக் கேட்டேன்.

பாலகிருஷ்ணன் பெருமையோடு செல்போனை எடுத்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி: 'வெளிநாட்டு நாடாளுமன்றத்தில் இருந்து நேரில் ஆய்வுக்கு வருகிறார்கள். நம் குடியிருப்பின் மானம் நம் கையில். அனைவரும் ஃபில்டரைச் சுத்தமாகக் கழுவி வைக்கவும்.' கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள்.

"தொடாதீங்கன்னு படி ஏறி ஏறி சொன்னேனே சார்!" என்றார் தேவகி.

"நீங்க சொன்னது சரிதான் மேடம். ஆனா வெளியாள் வரும்போது அழுக்கா வச்சிருந்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. ஆனால் வியக்காமலும் இருக்க முடியவில்லை. எங்கள் நாட்டில் ஏழாவது பிரிவு ஒரு வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. இங்கே ஒரு மனிதர் சோபாவில் சாய்ந்தபடி கட்டைவிரலால் ஒரு சட்டம் போட்டார். விவாதம் இல்லை, திருத்தம் இல்லை, அபராதம் இல்லை. மறுநாளே பத்து வீட்டிலும் முழுமையாக அமல். இப்படிக் கீழ்ப்படிகிற மக்களை வைத்துக்கொண்டு எந்த நாடும் எதையும் சாதிக்கலாம். சட்டம் மட்டும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேவகி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என் ஊட்டுக்கு ஆளு வந்தாலும் நானும் அத்ததான் சார் பண்ணிருப்பேன். யார போயி திட்றது?" என்றார்.

யோஹன்னாவுக்குப் போன் போட்டேன்.

"அழுக்கு எங்கே?"

"கழுவிவிட்டார்கள்."

"ஏன்?"

"நான் வருகிறேன் என்று."

"நீ யார் என்று நினைத்தார்கள்?" என்றார். பொன்னாடை போர்த்திய விஷயத்தை நான் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் டீக்கடையில் மூன்று பேரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருந்தோம். பாதி டீயில் மணி கிளாஸைக் கீழே வைத்தான்.

"யக்கா, பாரிவாக்கத்துல அந்த பேச்சிலர் பசங்க ஊட்ல ஒண்ணு மாட்னோமே?"

"அட ஆமாடா! அத்த மறந்தே பூட்டேன். அவுனுங்க கழுவிருந்தா?"

"அவுனுங்களா? மூஞ்சே கழுவ மாட்டானுங்க. போதாததுக்கு பேச்சிலர்னு எந்த குரூப்லயும் சேக்க மாட்டாங்க, மெசேஜும் போயிருக்காது."

அன்றைக்கு ஆட்டோ நிற்கவில்லை. பூந்தமல்லி தாண்டிப் பாரிவாக்கம். பாதி மனை, பாதி வீடு, நடுவில் எருமை. இரண்டாவது மாடியில் கதவைத் திறந்த பையன் லுங்கியோடும் காதில் ஹெட்போனோடும் இருந்தான். மதுரைக்காரன், வீட்டிலிருந்தே வேலையாம். உள்ளே இன்னும் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் அவன் பின்பக்கத்துக்கு ஓடி, ஃபில்டரைக் கழற்றித் திறந்து பார்த்து, முகம் சுருங்கிப்போனான்.

"ஐயையோ, கண்றாவியா இருக்குண்ணே. ஒரு நிமிஷம் உக்காருங்க, கழுவிட்டு வந்துர்றேன்."

சொல்லிக்கொண்டே சிங்க் பக்கம் திரும்பிவிட்டான். நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் அலறினோம். தூங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தேவகி ஒரே தாவாகத் தாவி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொயாய தொறந்த, கைய ஒட்ச்சிடுவேன்!"

டப்பாவுக்குள் நீலமும் சாம்பலும் கலந்து, அடை கனத்துக்குப் படிந்திருந்தது. நான்கு பிள்ளைகளின் டீஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் போர்வையும். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், என் கல்யாணத்தன்று கூட நான் இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

"இதெல்லாம் எங்க துணியில இருந்து வந்ததாண்ணே?" என்றான் மதுரைப் பையன்.

"ஆமாம்."

"அப்ப இத மாட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் எங்க போச்சு?"

மணி, "ஏரிக்கு. அப்பால நம்ம வாய்க்கு" என்றான். அந்தப் பையன் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டான்.

இதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோனால் கவரிலிருந்தே இழை சேர்ந்தது என்று அந்த உறுப்பினர் சொல்லுவார். என்ன செய்வது என்று முழித்தேன். தேவகி தன் கேரியரின் மேல் தட்டைக் கழற்றினார். அதிலிருந்த தயிர்சாதத்தை மணியும் நானும் அங்கேயே சாப்பிட்டுத் தீர்த்தோம். தட்டைக் கழுவித் துடைத்து, அடையை அலுங்காமல் எடுத்து வைத்து, 'தேவகி' என்று பெயர் வெட்டிய மூடியால் மூடினார். "பத்ரம் சார்" என்று என் கையில் கொடுத்தார். பிறகு மணி எங்களை ஆவடிக்கு ஓட்டிக்கொண்டுபோய் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். நான் அழுக்கு இருந்த தட்டை மடியைவிட்டு இறக்காமல் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை அழுக்கை நிறுத்தோம். அவ்வளவு நுட்பமான தராசு மண்ணூர்பேட்டையில் நகைக்கடையில்தான் இருந்தது. கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, "இன்னா சார், வெள்ளியா?" என்று ஆவலாகக் கேட்டார். விஷயம் தெரிந்ததும் தராசை மூன்று முறை துடைத்தார்.

பட்டறைக்குத் திரும்பி அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பாரிவாக்கத்து வீட்டை மட்டும் எழுதினால் போதுமே, நூம்பலை எதற்கு இழுப்பது என்று எனக்கு ஒரு யோசனை. தேவகி விடவில்லை.

"அந்தப் பத்து ஊட்டையும் எழுது சார். எழுதலன்னா என் டப்பா அங்கல்லாம் புடிக்கலன்னு எவனாவது சொல்லுவான். டப்பா புடிச்சுது, ஜனங்கதான் சுத்தமா கழுவிட்டாங்கன்னு எழுது. நம்ம ஜனம் சுத்தம்னு அவுங்களுக்கும் தெரியட்டுமே."

எழுதினேன். 'பத்து வீட்டாரும் சுத்தத்தின் மேலுள்ள பற்றினால் ஃபில்டரைத் திறந்து குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டனர்.' தமிழில் படித்துக் காட்டினேன். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, ஆறு பெண்களும் கேட்கும்படி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் நாடாளுமன்றத்தின் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். கேரியர் தட்டு கீழே மேஜைமேல் இருந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து மூடியைத் திறந்து பார்த்து, முகம் சுளித்து, மூடிவிட்டுப் போனார்கள். அழுக்கு தன் வேலையைச் செய்தது. ஃபில்டர் வேண்டாம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அந்தச் சந்தேகக்காரரும் சொல்லவில்லை. எழுந்து என் அறிக்கையைப் பிரித்து, நூம்பல் வரியைச் சத்தமாகப் படித்தார். "சுத்தத்தை விரும்புகிறவர்கள், திறக்க முடிந்தால் திறந்து கழுவத்தான் செய்வார்கள். நம் மக்கள் அவர்களைவிடச் சுத்தக் குறைவானவர்களா?" என்று கேட்டார். ஓட்டு கேட்டுப் போக வேண்டியவர்கள் இதற்கு ஆமாம் என்று எப்படிச் சொல்லுவார்கள்? உடனே ஒரு திருத்தம் பிறந்தது. ஃபில்டரை வீட்டில் யாரும் திறக்க முடியாதபடி ஒட்டி மூடியிருக்க வேண்டும், நிறைந்ததும் டப்பாவோடு தூக்கிப் போட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக்கைக் குறைக்கும் சட்டத்தில், வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் டப்பா தூக்கிப்போட வழி செய்தாயிற்று. கம்பெனிகளுக்கும் சந்தோஷம், ஆயுள் முழுக்க டப்பா விற்கலாம். பொத்தானை அமுக்கினார்கள், எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மதிய விருந்துக்கு மீன்.

யோஹன்னா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் கைக்கோ அந்தத் திருகு மூடிதான் ஞாபகமாக இருந்தது. எனக்கு மீன் இறங்கவில்லை.

தேவகியைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். 'டொம்', 'டொம்' என்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பாஸாச்சா சார்?"

"ஆச்சு. ஆனால் திறக்கிற டப்பா கூடாதாம். ஒட்டி மூடினதுதான் வேண்டுமாம்."

"ஏன், நம்ம திருகு சோக்காதான கீது?"

"திறக்க முடிந்தால் கழுவிவிடுவார்களாம்."

இன்னொரு 'டொம்'. யாருக்கோ நிறுத்தச் சொல்லிக் கைகாட்டியிருக்க வேண்டும், அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. அந்த ஷெட்டில் அவர் குரலைத் தாழ்த்திப் பேசிக் கேட்டது அன்றுதான். "ஒட்ற மெஷினு நம்மகிட்ட இல்லியே சார். அது பெரிய கம்பெனிக்காரன் கிட்டதான் கீது." பிறகு அவரே, "நாமதான எழுத சொன்னோம்" என்றார். "நாம" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம், எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மாதம் முடிந்து அவரே கூப்பிட்டார். கேரியரின் மேல் தட்டைக் கேட்டார்.

"நாளைலேர்ந்து கம்பெனி வேலைக்குப் போறேன் சார். மூடி இல்லாம எப்டி சோறு எத்துகினு போறது?"

அன்றைக்கே ஓடினேன். தட்டும் மூடியும் சட்டத்தோடு சேர்ந்த சான்றுப் பொருளாகிவிட்டன என்றார்கள். நுழைவாயில் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். மூடியில் இருக்கும் புள்ளி எழுத்து என்ன என்று கேட்டால், இந்திய அலங்கார வேலைப்பாடு என்று வழிகாட்டி சொல்கிறார். நான் திருத்திச் சொன்னேன், தலையாட்டிக் குறித்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் குழு கூடித் தீர்மானம் போட வேண்டுமாம். விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அதனால் நாளாகும்.

புது மூடி வாங்கி அனுப்புகிறேன் என்று மணியிடம் சொன்னேன். "வேணாம் சார், அந்தக் கேரியருக்கு வேற மூடி செட்டாவாது" என்றான். இப்போதைக்கு ஒரு சின்னத் தட்டை மேலே கவிழ்த்துத் துணியால் இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போகிறாராம் தேவகி. சாயங்காலம் கம்பெனி கேட்டில் அந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டிவிட்டு, மறுபடி கட்டிக்கொண்டு வருகிறாராம்.